மடங்கும் கண்ணாடி

போன மாதம் ஒரு கல்யாணத்தில் என் மைத்துனர் தன் போனைப் பாதி மடித்து, லேப்டாப் மாதிரி சாப்பாட்டு மேசைமேல் நிறுத்தினார். உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். சில நொடிகளில் அது தானாகப் படம் எடுத்துக்கொண்டது. போட்டோ எடுக்கப் போனவர் படத்தில் இல்லாமல் போகும் வழக்கமான குறை இல்லாத குரூப் போட்டோ. ஆனால் படத்தை யாரும் பார்க்கவில்லை. போன்தான் கைமாறிக்கொண்டே போனது. வாங்கிய ஒவ்வொருவரும் திரையின் நடுவில் இருந்த மெல்லிய பள்ளத்தை விரலால் தடவினார்கள். “நகம் படாம, நகம் படாம” என்று மைத்துனர் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார்.

அவர் பதறியதில் நியாயம் உண்டு. அது புரிய, கண்ணாடி எப்படி மடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

பார்சல் கட்டுபவர் வாழை இலையை அனலில் வாட்டுவார். இலை இளகிவிடும், மடித்தாலும் கிழியாது. போன் கண்ணாடியை அப்படி இளக்க முடியாது. அதை வளைக்க இருக்கும் ஒரே வழி, மெலிய வைப்பது. எந்தத் தகட்டை வளைத்தாலும் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நெருங்கும். எவ்வளவு இழுபடும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. தகட்டின் தடிமனை வளைவின் விட்டத்தால் வகுத்தால் போதும். அரை மில்லிமீட்டர் கண்ணாடியை 3 மி.மீ. விட்டத்துக்கு வளைத்தால் அதன் வெளிப்பக்கம் நூற்றுக்குப் பதினாறு பங்குக்கு மேல் நீள வேண்டும். அதற்கு வெகு முன்பே உடைந்துவிடும். அதே வளைவில் 30 மைக்ரான் கண்ணாடி நூற்றுக்கு ஒரு பங்கு நீண்டால் போதும். 30 மைக்ரான் என்பது சராசரித் தலைமுடியின் பாதித் தடிமன்கூட வராது. 2020 பிப்ரவரியில் வந்த சாம்சங் கேலக்ஸி இசட் ஃப்ளிப்பில்தான் இத்தனை மெல்லிய கண்ணாடி போனுக்குள் வந்தது. அதற்கு முந்தைய மடக்கு போன்களின் திரையில் மேலே இருந்தது வெறும் பிளாஸ்டிக்.

கண்ணாடிக்கு அடியில் இருப்பது ஓலெட் திரை. எல்சிடி திரைக்குப் பின்னால் விளக்கு வேண்டும். ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அதனால் மொத்தத்தையும் ஒரு பிளாஸ்டிக் படலத்தின்மேல் படிய வைத்துவிடலாம், படலம் வளையும்.

சிக்கல் என்னவென்றால், தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி வளையுமே தவிர, கூரான எதையும் தாங்காது. ஆகவே அதன் மேலும் ஒரு பிளாஸ்டிக் படலத்தை ஒட்டுகிறார்கள். நாம் தொடுவது அந்தப் படலத்தை. நகத்தை அழுத்திக் கீறினால் தழும்பு விழுவது அதில்தான்.

இந்தப் படலத்துக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. மடக்கு போனை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது சீனாவின் ராயோல், 2018 கடைசியில். உலகம் திரும்பிப் பார்த்தது 2019 பிப்ரவரியில் சாம்சங் கேலக்ஸி ஃபோல்டை அறிவித்தபோது. விலை 1,980 டாலர். ஏப்ரலில் விமர்சகர்களுக்குக் கொடுத்த போன்கள் சில நாட்களிலேயே பழுதாகின. மேல்படலத்தைக் கடையில் ஒட்டித் தரும் ஸ்கிரீன் கார்டு என்று நினைத்துச் சிலர் உரித்துவிட்டார்கள். திரை செத்தது. வேறு சில போன்களில் கீல் இடுக்கு வழியாகத் துகள் நுழைந்து திரையை உள்ளிருந்து முட்டியது. விற்பனை செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. படலத்தின் ஓரம் சட்டத்துக்கு அடியில் ஒளிக்கப்பட்டது, கீலின் முனைகளுக்கு மூடி வந்தது. டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைப் பத்து வருடமானாலும் பிரிக்காத நம் வீடுகளில் அந்த முதல் விபத்து நடந்திருக்க வாய்ப்பில்லை.

என்னைக் கேட்டால், இந்தப் போனின் அதிசயம் கண்ணாடியைவிடக் கீலிலும் பசையிலும்தான் அதிகம். ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்து அதன் ஓரத்தைப் பாருங்கள், தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் படிக்கட்டு மாதிரி நிற்கும். திரையின் அடுக்குகளும் அப்படி வழுக்கியாக வேண்டும், ஆனால் ஒட்டியும் இருக்க வேண்டும். பசை இறுகலாக இருந்தால் அடுக்கு கிழியும். ரொம்ப இளகலாக இருந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. ராத்திரி முழுக்க மடிந்து கிடந்ததைப் பசையும் பிளாஸ்டிக்கும் காலையில் முழுசாக மறப்பதில்லை, அதுதான் நடுவில் தெரியும் அந்தப் பள்ளம். இப்போதைய கீல்கள் மூடும்போது உள்ளே கொஞ்சம் இடம் விட்டுக்கொடுக்கின்றன. திரை அந்த இடத்தில் நீர்த்துளி வடிவில் சுருண்டு உட்காருவதால் வளைவு பெரிதாகிறது, பள்ளம் குறைகிறது.

பாரமும் குறைந்திருக்கிறது. முதல் ஃபோல்டு 276 கிராம், மடித்தால் 17 மி.மீ. சொச்சம். 2025இல் வந்த ஃபோல்டு 7 மாடல் 215 கிராம், மடித்தால் 8.9 மி.மீ. விலைதான் இறங்கவில்லை. இங்கே 1,74,999 ரூபாய்க்கு அறிமுகமானது.

அத்தனை பணத்துக்கு என்ன கிடைக்கிறது? சினிமா பார்க்க என்றால் வேண்டாம். விரித்த திரை கிட்டத்தட்டச் சதுரம், படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டைதான் மிஞ்சும். எக்செல் கணக்கு, பிடிஎஃப், பத்திரிகைப் பக்கம், மேப், ஒரு பக்கம் வாட்ஸப் இன்னொரு பக்கம் ரயில் டிக்கெட் என்று இருப்பவர்களுக்கு நிஜமாகவே உதவும். குறுக்காக மடங்கும் ஃப்ளிப் வகை வேறு. அதில் திரை பெரிதாகாது, சட்டைப்பையில் அடங்கும். அவ்வளவுதான்.

மடித்து மடித்தே போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். இரண்டு லட்சம் மடிப்பு தாங்கும் என்று சோதித்துத்தான் தொடக்கத்திலேயே விற்றார்கள். நாளுக்கு நூறு தடவை என்றாலும் ஐந்தரை வருடம் வரும். பயப்பட வேண்டியது தூசிக்கு. ஃபோல்டு 7இன் தரக்குறியீடு ஐபி48. கடைசி எட்டு தண்ணீருக்கு, நல்ல மதிப்பெண். முன்னால் இருக்கும் நாலு தூசிக்கு. ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்டதை மட்டும் தடுக்கும் என்று பொருள். வாளித் தண்ணீரில் விழுந்தால் பிழைக்கும், மெரினா மணல் உள்ளே போய்விடும். தூசியையும் முழுக்கத் தடுக்கும் ஐபி68 மடக்கு போனுக்குக் கிடைத்தது 2025இல், கூகுளின் பிக்சல் 10 ப்ரோ ஃபோல்டில்.

மைத்துனருடைய போன் எந்தக் கம்பெனி என்பது இருக்கட்டும். வாங்கிய ஒன்றரை வருடத்தில் மடிப்பின்மேல் படலம் கொப்புளம் மாதிரி எழும்பியது. தெருமுனை மொபைல் கடைக்குக் கொண்டு போனார். நூற்றைம்பது ரூபாய்க்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்டித் தருகிற பையன் இதைத் தொடவே மறுத்துவிட்டான். “அண்ணே, இதுல நான் கை வைக்க மாட்டேண்ணே. கம்பெனி சர்வீஸுக்கே கொண்டு போயிடுங்க.” அங்கே படலத்தை மாற்றிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து மகள் போனைக் கேட்டால் மைத்துனர் முதலில் அவள் விரல்களை நீட்டச் சொல்லி நகத்தைப் பார்க்கிறார்.