மதிலடியில் ஒரு நிறுத்தம்

இத்தாலியின் பழைய நகரங்களைக் கேம்பர்வேனில், அதாவது படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் சிறு கழிப்பறையும் தனக்குள்ளேயே கொண்ட வண்டியில், சுற்றிவரத் திட்டமிடுவோர் பெரும்பாலும் வாடகையையும் டீசலையும் மட்டுமே கணக்கிடுகின்றனர். ஆனால் செலவு கைக்குள் அடங்குவதும் மீறிப்போவதும் இரவில் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைகின்றன.

அந்நகரங்களின் உட்தெருக்கள் ஆள்நடைக்கும் கழுதைப் பொதிக்கும் ஏற்ப இடைக்காலத்தில் அமைந்தவை. ஆறேழு மீட்டர் நீள வண்டி அவற்றில் திரும்புவதே கடினம். இதற்கு மேல் சட்டத் தடையும் உண்டு. 'இசட்.டி.எல்.' எனச் சுருக்கி எழுதப்படும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் அனுமதி பெறாத வண்டி நுழைந்தால், வாயிலில் உள்ள கேமரா எண்பலகையைப் பதிவு செய்துகொள்ளும். அபராதச் சீட்டு சில மாதங்கள் கழித்து வீடு தேடி வரும். வாடகை வண்டியானால், ஓட்டியவரின் விவரத்தைக் காவல்துறைக்கு அளித்ததற்கென்று வாடகை நிறுவனமும் தனிக் கட்டணம் வசூலிப்பது வழக்கம். தெரியாமல் திரும்பிய ஒரு திருப்பம் பல இரவுகளின் நிறுத்தக் கட்டணத்தை விழுங்கிவிடும்.

எனினும் இத்தாலியச் சட்டம் கேம்பர்வேனுக்குப் பெரிய சலுகை ஒன்றையும் அளித்துள்ளது. 1991ஆம் ஆண்டின் 336ஆம் எண் சட்டமும், அதன் சாரத்தை ஏற்ற 1992ஆம் ஆண்டுச் சாலை விதித்தொகுப்பின் 185ஆம் பிரிவும், வண்டியை நிறுத்துவதையும் முகாமிடுவதையும் வேறுபடுத்துகின்றன. சக்கரங்கள் தவிர வேறெதுவும் தரையில் ஊன்றாமலும், கழிவுநீர் வெளியே சிந்தாமலும், வண்டியின் அளவுக்கு மேல் இடத்தை அடைக்காமலும் இருக்கும் வரை அது வெறும் நிறுத்தமே. வெயில் மறைப்பை விரித்து நாற்காலியை வெளியே போட்டால் அது முகாமாகிவிடும். இதனால்தான் பல நகராட்சிகள் மதிலுக்கு வெளியே 'ஏரியா தி சோஸ்தா' எனப்படும் கேம்பர் நிறுத்தங்களை ஏற்படுத்தியுள்ளன. குடிநீர்க் குழாயும் கழிவுநீரைக் கொட்டும் தொட்டியும் உள்ள இவ்விடங்களில் சில இலவசம், மற்றவற்றின் கட்டணமும் பொதுவாக முகாம் திடல்களைவிடக் குறைவு.

இந்த ஏற்பாட்டின் பயனைப் பெருஜியாவில் நன்கு காணலாம். குன்றின் மீதுள்ள அந்நகரின் அடிவாரத்தில், பியான் தி மாசியானோவில் வண்டியை விட்டுவிட்டு, 2008இல் தொடங்கிய மினிமெட்ரோ என்னும் ஓட்டுநரில்லாச் சிறு பெட்டிகளில் ஏறி மேலே செல்லலாம். பர்த்திஜானி சதுக்கத்திலிருந்து ஏறும் மற்றொரு வழி இன்னும் வியப்பானது. 1540இல் உப்பு வரியை எதிர்த்துக் கிளர்ந்த பெருஜியாவை அடக்கிய போப் மூன்றாம் பால், பாலியோனி குடும்பத்தாரின் மாளிகைகள் நிறைந்த பகுதியின் மேலேயே ரொக்கா பவுலினா என்னும் கோட்டையை எழுப்பினார். கோட்டையின் மேற்பகுதியை 19ஆம் நூற்றாண்டில் மக்கள் இடித்துத் தள்ளினர். அடியில் புதைந்த தெருக்கள் எஞ்சின. 1983 முதல் அவற்றினூடே நகரும் படிக்கட்டுகள் செல்கின்றன. செங்கல் வளைவுகளும் வீட்டு வாசல்களும் மூலை திரும்பும் சந்துகளும் இருபுறமும் கடந்து செல்ல, பயணி காசு செலவின்றி நகரின் நெஞ்சுக்குள் வந்து சேர்கிறார். நேரே உச்சியிலுள்ள விடுதியில் போய் இறங்குவோருக்கு இந்த நுழைவு வாய்ப்பதில்லை.

ஒர்வியேத்தோவிலும் இதே முறைதான்: ரயில் நிலையத்தருகே வண்டியை நிறுத்திவிட்டு, கேபிளில் இழுக்கப்படும் பெட்டியில் குன்றேறலாம். 1888இல் நீரின் எடையால் இயங்கிய அவ்வழி 1990 முதல் மின்சாரத்தில் ஓடுகிறது. லூக்காவில் மதிலே காட்சி; ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் சுற்றளவுள்ள அதன் அகன்ற உச்சியில் மரநிழலில் நடக்கலாம், சைக்கிளும் ஓட்டலாம்.

புளோரன்சுக்கும் வெனிசுக்கும் வண்டியோடு செல்வது வீண் செலவு. லூக்காவிலிருந்து புளோரன்சுக்கும், பெராராவிலிருந்து வெனிசுக்கும் வட்டார ரயில்கள் ஓடுகின்றன. அவற்றின் கட்டணம் தூரத்தைப் பொறுத்ததே தவிர, கடைசி நேரத்தில் வாங்குவதால் உயர்வதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறன்று அரசு அருங்காட்சியகங்களில் அனுமதி இலவசம் என்பதால், புளோரன்ஸ் பயணத்தை அந்நாளில் வைத்துக்கொள்வோர் நுழைவுச்சீட்டுச் செலவையும் மிச்சப்படுத்தலாம். அதற்கு ஈடாக நீண்ட வரிசையில் நிற்க ஆயத்தமாக இருக்கவேண்டும்.