பூனையை விரட்ட வேண்டாம், சுத்தம் போதும்

ஜார்ஜ்டவுன் கடைவீதிகளிலும் தோட்ட வீடுகளிலும் பூனைகள் சகஜம். சில பூனைகளின் மலத்தில் ‘டாக்சோபிளாஸ்மா’ என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். வேகாத இறைச்சியாலும் அது பரவும். மூளையில் பல ஆண்டுகள் தங்கும்.

அமெரிக்கா, நார்வே நாட்டவரிடம் நோய் வருமுன்பே எடுத்த இரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. பின்னர் ‘கிளியோமா’ மூளைப் புற்றுநோய் கண்டவர்களிடம் இந்த ஒட்டுண்ணித் தொற்றின் அடையாளம் கூடுதலாக இருந்தது. ஆனால், ஒட்டுண்ணிதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. தொற்று கண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்நோய் வருவதில்லை.

கருவிலுள்ள குழந்தையை இது பாதிக்கும் என்பதோ உறுதியானது. மலத்தில் வெளியாகும் ஒட்டுண்ணி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். எனவே மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்து, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கர்ப்பிணிகள் அவ்வேலையைத் தவிர்க்கட்டும். இறைச்சி நன்றாக வேகட்டும்.