ரத்தக் காட்டேரிக்காக உடைபட்ட தர்ப்பூசணி!

ரத்தக் காட்டேரியின் நெஞ்சில் கூரான மரக்கழியை அடித்து இறக்க வேண்டும். சினிமா என்றால் காட்டிவிடலாம். ரேடியோ நாடகத்தில்? சத்தம் ஒன்றுதான் கதி!

1938 ஜூலை 11. அமெரிக்காவின் சி.பி.எஸ். ரேடியோவில் 23 வயது ஆர்சன் வெல்ஸ் தொடங்கிய தொடரின் முதல் நாடகமே “டிராகுலா”தான். அத்தனையும் நேரடி ஒலிபரப்பு. சொதப்பினால் போச்சு!

ஒத்திகையில் முட்டைக்கோசைக் குத்திக் காட்டினார்கள். வெல்ஸுக்குப் பிடிக்கவில்லை. இலைச் சத்தம் கேட்கிறதாம், ரத்தச் சத்தம் இல்லையாம்! தர்ப்பூசணி வந்தது. சுத்தியலைத் தானே வாங்கிப் போட்டார் ஒரு போடு. சதக்! அங்கிருந்தவர்களே ஆடிப்போனார்களாம்.

டிராகுலாவாகவும் டாக்டர் சீவார்டாகவும் பேசியது வெல்ஸேதான். ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. தைரியசாலிகள் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கலாம். பக்கத்தில் ஆள் இருந்தால் நல்லது!