சம்பளம் வெட்டுப்பட்டவர்களின் விளையாட்டு

வெம்பிளி என்றதும் எங்களில் பலருக்கு ஈலிங் வீதியும் அங்குள்ள மரக்கறிக் கடைகளும் புடவைக் கடைகளும்தான் ஞாபகத்திற்கு வரும். இந்த நாட்டின் வடபகுதித் தொழிலாளர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அவர்களுக்கு வெம்பிளி என்பது ஆண்டு முழுவதும் காசு சேர்த்து, ஒரு நாள் லண்டனுக்குப் போய் தங்கள் ஊர்க் கழகம் கிண்ணத்துக்காக ஆடுவதைப் பார்க்கும் இடம். அந்த வழக்கம் தொடங்கியது 1928–29 பருவகாலத்தில். விளையாட்டின் பெயர் றக்பி லீக்.

எங்கள் நாட்டில் கண்டியிலும் கொழும்புப் பாடசாலைகளிலும் 'றகர்' என்று ஆடுவதை நாங்கள் அறிவோம். அது றக்பி யூனியன். ஒரு பக்கத்துக்கு 15 பேர். றக்பி லீக் அதன் உடன்பிறப்பு, 13 பேர். அண்ணன் தம்பி பிரிந்ததற்குக் காரணம் காணி அல்ல, சம்பளம். தொழிற்சாலையில் நின்று உழைக்கும் எங்களுக்கு இந்தக் கதை இலகுவாக விளங்கும்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் யோக்சயர், லங்காசயர் பகுதிகளில் றக்பி ஆடியவர்களிற் பலர் சுரங்கத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள். சனிக்கிழமை காலையும் அவர்களுக்கு வேலை இருந்தது. தூர ஊருக்கு ஆடப் போனால் அந்த நேரச் சம்பளம் வெட்டு. அந்த இழப்பை ஈடுசெய்யக் கழகங்களை அனுமதியுங்கள் என்று வடக்கத்தியர் கேட்டனர். 1893இல் லண்டனில் கூடிய றக்பி சங்கத்தின் கூட்டம் 282க்கு 136 என்ற வாக்கில் அதை மறுத்துவிட்டது. விளையாட்டுக்குக் காசு வாங்குவது மரியாதை அல்ல என்பது அவர்கள் வாதம். வேலைக்குப் போகாமலே சாப்பிடக் கூடியவர்களுக்கு அந்த மரியாதையைக் காப்பாற்றுவது கடினமல்ல.

1895 ஆகஸ்ட் 29ஆம் திகதி வடபகுதிக் கழகங்கள் ஹடர்ஸ்பீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹொட்டேலில் கூடித் தனிச்சங்கம் அமைத்தன. வேலையிழந்த நாளுக்கு 6 சிலிங் வரை கொடுக்கலாம் என்பது அவர்களின் விதி. 1906இல் ஆட்டக்காரர் தொகையை 13 ஆகக் குறைத்தனர். 1922இல் சங்கத்துக்கு றக்பி லீக் என்ற பெயர் வந்தது. பிரிந்து போனவர்கள் மீண்டும் யூனியனில் ஆட ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டது.

இனி அந்தப் பருவகாலத்துக்கு வருவோம். 1926இல் நிலக்கரித் தொழிலாளர்கள் பல மாதங்கள் கதவடைப்பில் வாடினார்கள். அதன் காயம் ஆறவில்லை. பருத்தி ஆலைகளுக்கும் கேள்வி குறைந்துவிட்டது. அந்த வறுமை விளையாட்டிலும் தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த கார்லைல் சிற்றி என்ற கழகம் 10 ஆட்டங்களோடு விலகிக்கொண்டது. அதற்கு முந்திய பருவத்தில் சுவின்ரன் கழகம் நான்கு கிண்ணங்களையும் ஒருசேர வென்றிருந்தது. இம்முறை லீக் பட்டம் ஹடர்ஸ்பீல்டுக்குப் போனது. இறுதியாட்டத்தில் அவர்கள் லீட்ஸை வென்றது 2–0 என்ற புள்ளியில், அதாவது முழு ஆட்டத்திலும் ஒரேயொரு கோல்.

ஆனால் அந்தப் பருவத்தின் பெரிய விவாதம் மைதானத்துக்கு வெளியே நடந்தது. சலஞ்ச் கிண்ண இறுதியாட்டம் அதுவரை வடக்கிலேயே நடந்து வந்தது. 1928இல் விகான் நகரில் 33,909 பேர் அதைப் பார்த்தார்கள். இனி அதை லண்டனுக்குக் கொண்டுபோவோம் என்ற யோசனை வந்தது. நாடு முழுவதும் எங்கள் விளையாட்டைக் காணட்டும், பத்திரிகைகள் எழுதட்டும் என்றது ஒரு பக்கம். எங்களை ஒதுக்கிய லண்டனுக்கு நாங்கள் ஏன் போகவேண்டும், றெயில் காசுக்கு எங்கள் சனம் எங்கே போகும் என்றது மறுபக்கம். வாக்கெடுப்பில் 13 பேர் ஆதரவு, 10 பேர் எதிர்ப்பு. 1923இல் திறக்கப்பட்ட வெம்பிளி அரங்கு தெரிவாயிற்று.

இதில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஆட்டக்காரனுக்கு வெட்டுப்பட்ட சம்பளத்துக்காக உருவான விளையாட்டு இது. வெம்பிளிக்குப் போவதென்றால் இப்போது பார்வையாளனும் சனிக்கிழமைக் காலை வேலையை விடவேண்டும். அவனுக்கு 6 சிலிங் கொடுக்க எவருமில்லை. எதிர்த்து வாக்களித்த 10 பேரின் பேச்சிலும் நியாயம் இருந்தது.

1929 மே 4ஆம் திகதி சனிக்கிழமை விகானும் டியூஸ்பரியும் மோதின. விகான் நிலக்கரியும் பருத்தியும் உள்ள ஊர். டியூஸ்பரி கம்பளி ஊர். பழைய துணிகளை இயந்திரத்தில் கிழித்து, நாராக்கி, புதுக் கம்பளியோடு கலந்து மீண்டும் நெய்யும் 'சொடி' என்ற தொழில் அந்தப் பகுதியிலேதான் 1813இல் பிறந்தது. டியூஸ்பரி அணியில் பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பையன்கள். விகான் அணியோ வெளியூராரையும் வெளிநாட்டாரையும் சேர்த்துக் கட்டிய அணி.

விகான் தலைவர் ஜிம் சலிவன் வேல்ஸ் நாட்டின் கார்டிவ் நகரத்தவர். 1921இல் 17 வயதில் விகானுக்கு வந்தவர். விளையாட்டு வாழ்வில் மொத்தம் 2,867 கோல்கள் உதைத்தார். வெம்பிளியின் முதற் புள்ளிகளும் அவர் உதைத்த பெனால்டியாற் கிடைத்தவையே. முதல் 'ட்ரை'யை சிட் ஏப்ரம் வைத்தார். அந்நாளில் ஒரு ட்ரைக்கு 3 புள்ளி, கோலுக்கு 2. (இப்போது ட்ரைக்கு 4.) டியூஸ்பரியின் டேவிஸ் ஒரு 'ட்ரொப் கோல்' உதைத்து 2 புள்ளி பெற்றார். அவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவே. நியூசிலாந்துக்காரரான லூ பிறவுணும் ஸ்கொட்லாந்துக்காரரான ரோய் கினியரும் ஆளுக்கொரு ட்ரை வைக்க, விகான் 13–2 என்று வென்றது. ஊரின் பெயரைத் தூக்கி நிறுத்தியதில் வந்தேறு குடிகளின் பங்கு பெரிது. விகான் சனம் அவர்களைத் தங்கள் பிள்ளைகளாகவே கொண்டாடியது.

இதே கினியர் யூனியனை விட்டு வந்ததால் அங்கே தடை செய்யப்பட்டவர். இரண்டாம் உலகப்போரில் படையினருக்கு மட்டும் அத்தடை தளர்ந்தது. 1942இல் விமானப்படையில் இருந்தபோது, யூனியன் ஆட்டம் ஒன்றின் நடுவே விழுந்து இறந்துபோனார். சினிமாவில் சிரிப்பு நடிகராகப் புகழ்பெற்ற ரோய் கினியர் அவருடைய மகன்.

பார்க்க வந்தவர்கள் 41,500 பேர். முந்திய ஆண்டைவிடக் கூட என்றாலும் அந்தப் பெரிய அரங்கில் வெற்றிடம் நிறையவே இருந்தது. 1930இல் தொகை 36,544 ஆகக் குறைந்தது. எதிர்த்தவர்கள் சொன்னது சரியோ என்று தோன்றியிருக்கும். ஆனாலும் சங்கம் பின்வாங்கவில்லை. 1939இல் 55,453 பேர் வந்தார்கள். வாராவாரம் சில்லறை போட்டு வெம்பிளிப் பயணத்துக்குச் சேர்ப்பது வடக்கில் வழக்கமாயிற்று. எங்கள் சீட்டுப் போல என்று சொல்லலாம்.

1930இல் கிண்ணத்தை வென்ற விட்னஸ் அணியில் ஒருவரைத் தவிர அனைவரும் உள்ளூரார். ஆகவே உள்ளூர்ப் பையன்களை வைத்து வெல்ல முடியாது என்ற பேச்சும் ஓராண்டிலேயே பொய்த்தது. டியூஸ்பரிக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை; 1929க்குப் பின் அவர்கள் வெம்பிளியில் கிண்ண இறுதியாட்டம் ஆடவேயில்லை.

ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று றக்பி யூனியன் ஒப்புக்கொண்டது 1995 ஆகஸ்டில். ஜோர்ஜ் ஹொட்டேலில் கூடியவர்கள் கேட்டது கிடைக்கச் சரியாக 100 ஆண்டு.

வடக்கே குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. வேலைத்தலத்தில் வயதான வெள்ளைக்காரர் ஒருவரோடு என்ன பேசுவதென்று தெரியாமல் நாங்கள் பலர் தேநீர் இடைவேளையைச் சும்மா கழிக்கிறோம். "உங்கள் கழகம் எது? வெம்பிளிக்குப் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் தகப்பனார் போனது, பாட்டனார் போனது எல்லாம் வெளியே வரும். இங்கிலீஸ் தடுமாறினாலும் பரவாயில்லை. பேச்சை அவர் பார்த்துக்கொள்வார். சம்பள வெட்டு என்ன என்பதை அவருக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை, எங்களுக்கு அவரும் விளக்கத் தேவையில்லை.