சாகாத வேதாளரும் நகராத காலமும்: ஒரு முகமூடி நாயகன் படக்கதைத் தொடரின் தடுமாற்றம்

படக்கதையை இலக்கிய ஆய்வுக்குரிய பனுவலாகக் கொள்வதில் நமக்கு இன்னும் தயக்கம் உண்டு. சிறுவர் வாசிப்பிற்கு உரியது என்று கூறி அதனை ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும், ஒரே கதை பல தலைமுறைகளாகத் தொடர்ந்து எழுதப்படும்போது அதன் உள்கட்டமைப்பிற்கு என்ன நேர்கிறது என்பதை மாணவர்க்கு விளக்க விரும்பும் ஆசிரியருக்கு, நாளிதழ்ப் படக்கதையைப் போன்ற தெளிவான சான்று வேறு எளிதிற் கிடைப்பதில்லை. அவ்வகையில், தமிழில் வேதாளர் என்றும் மாயாவி என்றும் அறியப்பெற்ற ‘ஃபேண்டம்’ தொடரின் தடுமாற்றத்தை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

அமெரிக்க எழுத்தாளர் லீ ஃபாக் 1934இல் மந்திரவாதி மாண்ட்ரேக்கைப் படைத்தவர். 1936 பிப்ரவரி 17ஆம் நாள் அவர் எழுத, ரே மூர் வரைய, கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்தின் வழி ‘ஃபேண்டம்’ நாளிதழ்களில் வெளிவரத் தொடங்கியது. 1939 மே மாதம் முதல் ஞாயிறு இதழ்களுக்கெனத் தனிக்கதை வரிசையும் சேர்ந்தது. உடலோடு ஒட்டிய உடை, கண்மணி தெரியாத முகமூடி எனப் பின்னாளைய நாயகர்களுக்கு உரியனவாகிவிட்ட அடையாளங்கள், 1938இல் சூப்பர்மேன் தோன்றுவதற்கு முன்னரே இங்கு இடம்பெற்றுவிட்டன. இவ்வரலாற்றுச் சிறப்பு பலராலும் பேசப்பட்டதே. ஆனால், இத்தொடரின் உண்மையான புதுமை உடையில் இல்லை. காலத்தைக் கையாண்ட முறையில் உள்ளது.

கதையின் அடித்தளம் இது: 1536இல் கடற்கொள்ளையரால் தந்தையை இழந்து கரையொதுங்கிய ஒருவன், தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின்மீது சூளுரைக்கிறான். கடற்கொள்ளை, பேராசை, கொடுமை, அநீதி ஆகியவற்றை எதிர்ப்பதே தன் வழித்தோன்றல்களின் கடமை என்பது அச்சூளுரை. அவன் இறந்தபின் மகன் அதே உடையை அணிகிறான். அவனுக்குப் பின் அவன் மகன். வெளியுலகமோ ஒரே மனிதன் நானூறு ஆண்டுகளாகச் சாகாமல் நடமாடுகிறான் என்று நம்புகிறது. நாம் படிக்கும் நாயகன் 21ஆவது தலைமுறையினன்.

இங்கு ஒரு சிறு கணக்கு உதவும். 1536 முதல் 1936 வரை நானூறு ஆண்டுகள். அவற்றிற்குள் வாழ்ந்து மறைந்தோர் இருபதின்மர். ஒருவருக்குச் சராசரியாக இருபது ஆண்டுகளே கிடைக்கின்றன. நாயகர்கள் இளமையிலேயே மாண்டுபோகிறார்கள் என்பது ஃபாக் கட்டிய கதையின் சொல்லாத சோகம். சாகாமை என்பது கதைக்குள் வேண்டுமென்றே பரப்பப்படும் ஒரு பொய். அப்பொய்யை அறிந்தவர்கள் வேதாளரின் குடும்பத்தினரும், அவரைக் காக்கும் பந்தர் குள்ளர்களும், மிகச் சில நண்பர்களும், வாசகராகிய நாமும் மட்டுமே. வாசகனைக் குடும்ப இரகசியத்தின் பங்காளியாக்கியதே இத்தொடரின் தொடக்ககால வெற்றிக்குக் காரணம் என்பது என் கருத்து.

இனி, நடந்ததைப் பார்ப்போம். 21ஆம் வேதாளர் 1936இல் வந்தார். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் அவரே இருக்கிறார். முன்னோர் நால்வரின் காலத்திற்கும் மேலாக அவர் ஒருவரே வாழ்ந்துவிட்டார். கதைக்குள் பொய்யாக இருந்த சாகாமை, வணிகத்தின் தேவையால் மெய்யாகிவிட்டது. இத்தொடரின் வழி தவறியது எங்கே என்று வினவினால், ஓவியர் மாறிய இடத்தையோ கதைக்கருக்கள் வறண்ட இடத்தையோ நான் சுட்டமாட்டேன். வில்சன் மெக்காய், அவர் 1961இல் மறைந்தபின் பொறுப்பேற்று 1994 வரை வரைந்த சை பாரி ஆகியோரின் கைகளில் ஓவியம் மாறியது. பாரியின் காலத்தில் அது மெருகும் பெற்றது. தடம் புரண்டது தலைமுறை மாற்றம் நிகழாமற்போன இடத்தில்தான்.

ஃபாக் இதனை அறியாதவர் அல்லர். 1977இல் நாயகனுக்கும் டயானா பால்மருக்கும் திருமணம் நடத்திவைத்தார். நாற்பதாண்டுக் காத்திருப்பிற்குப் பின் நிகழ்ந்த அத்திருமணத்தை அடுத்து, 1979இல் கிட், ஹெலோயிஸ் என்னும் இரட்டையர் பிறந்தனர். வாரிசு வந்துவிட்டது, இனிக் கதை நகரும் என வாசகர் எதிர்பார்த்திருக்கலாம். நகரவில்லை. குழந்தைகள் பல ஆண்டுகள் குழந்தைகளாகவே நின்றனர். 1999 மார்ச்சில் ஃபாக் மறையும்வரை, 22ஆம் வேதாளர் மண்டையோட்டு அரியணையில் அமரவில்லை.

காலம் நின்றபோது நிலம் நகர்ந்தது என்பது இத்தொடரின் மற்றொரு விந்தை. தொடக்கக் கதைகளின் கானகம் ஆசியாவில் இருந்தது. கொள்ளையர் ‘சிங்’ கூட்டத்தார். நாட்டின் பெயர் வங்காளத்தை நினைவூட்டுவது. காட்டில் புலிகளும் உண்டு. கிப்ளிங்கின் கானகக் கதைகள் தம்மைக் கவர்ந்ததாக ஃபாக் கூறியிருப்பதால் இதில் வியப்பில்லை. பின்னர், 1960களில், பெங்கல்லா நாடு ஓசையின்றி ஆப்பிரிக்காவிற்குப் பெயர்ந்துவிட்டது. மக்களும் மாளிகைகளும் ஆப்பிரிக்கச் சாயல் பெற்றன. ஆயினும் ‘சிங்’ கொள்ளையர் பெயர் மாறவில்லை. புலிகளை என்செய்வது? ஏதேன் என்னும் தீவொன்றில், ஊனுண்ணிகள் மீனுண்டு மானோடு ஒன்றாய் வாழ்வதாக ஒரு கற்பனை பிறந்தது. புலியும் அங்குக் குடியேறியது. ‘பந்தர்’ என்னும் பெயரையும் நோக்கலாம். இந்தியில் அது குரங்கைக் குறிக்கும். மலாய் மொழியில் நகரத்தை அல்லது துறைமுகத்தைக் குறிக்கும். நம் மாணவர்கள் இரண்டாம் பொருளில் படித்துக் குழம்பினால் அது அவர்கள் பிழையன்று.

இந்நிலப்பெயர்வு வெறும் வரைபடச் சிக்கலன்று. வெள்ளையர் ஒருவர் பழங்குடிகளுக்கு நடுவே அரியணையிட்டு நீதி வழங்குவது குடியேற்றக்காலக் கற்பனை. ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றுவந்த 1960களில் அக்கற்பனை உறுத்தத் தொடங்கியது. ஃபாக் அதனைச் சீர்செய்ய முயன்றார். பெங்கல்லாவிற்குத் தேர்தலை வழங்கி, லமாண்டா லுவாகா என்னும் மருத்துவரைக் குடியரசுத் தலைவராக்கினார். கானகக் காவற்படைக்குக் கர்னல் வொருபு என்னும் ஆப்பிரிக்கர் தலைமையேற்றார். நல்ல திருத்தங்களே. ஆனால், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒருவர் நாட்டில் இருக்க, அக்காவற்படைக்கு முகமறியா மேலதிகாரியாக முகமூடியணிந்தவரே நீடிப்பது எவ்வாறு பொருந்தும்? திருத்தம் ஒவ்வொன்றும் நாயகனின் தேவையைக் குறைத்தது. தொடரோ நாயகனின் பெயரால் நடப்பது. இம்முரணிலிருந்து அது முழுமையாக மீண்டதாகத் தெரியவில்லை.

எனினும், குடியேற்றக்கால எச்சம் என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடவும் இயலாது. பாப்புவா நியூகினியின் உயர்நிலப் பகுதியில், வாகி பள்ளத்தாக்கு மக்கள் 1980களில் தம் போர்க்கேடயங்களில் வேதாளரின் உருவத்தைத் தீட்டினர். அக்கேடயங்கள் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. சாகாதவன் என்னும் கருத்தை அவர்கள் தம் முன்னோர் காப்பு என்னும் நம்பிக்கையோடு இணைத்துக்கொண்டனர் எனலாம். வெள்ளை நாயகனின் படம், அவனுடைய ஆசிரியர் எண்ணியிராத வேறொரு பொருளைச் சுமந்தது. வாசகர் பனுவலைத் தமதாக்கிக்கொள்ளும் முறைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டைத் தேடத் தேவையில்லை.

தமிழின் நிலையும் இத்தன்மையதே. 1964 மார்ச்சில் டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், வேதாளரோடுதான் இந்தியாவில் கால்பதித்தது, 1990வரை நடந்தது. அதன் பதிப்பாசிரியர்கள் செய்த மாற்றங்கள் பாடமாக வைக்கத் தக்கவை. பெங்கல்லா ‘டெங்காலி’ ஆயிற்று. ‘சிங்’ கொள்ளையர் ‘சிங்கா’ ஆயினர். முந்தைய வேதாளரைக் கொன்ற ‘ராமா’ என்பவன் ‘ராமலு’ ஆனான். இந்திய வாசகரின் சமய, இன உணர்வு புண்படலாகாது என்னும் எச்சரிக்கையே இதற்குக் காரணமாதல் வேண்டும். மூலத்தில் கவனமின்றி இடப்பட்ட ஆசியப் பெயர்களை ஆசிய மொழிபெயர்ப்பு கவனத்தோடு அழித்தது.

பெயரிடலில் தமிழ் காட்டிய போக்கு இன்னும் நுட்பமானது. விக்கிரமாதித்தன் கதையின் வேதாளம் நாம் அறிந்ததே: முருங்கை மரத்தில் தொங்குவது, தோளில் ஏறுவது, புதிர் போடுவது. அதனோடு மரியாதை விகுதி சேர்ந்து ‘வேதாளர்’ ஆனபோது அஃறிணைச் சொல் உயர்திணையாக உயர்ந்தது. அச்சமும் மதிப்பும் ஒரே சொல்லில் அடங்கின. சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் வாசகர்க்கு அவர் வேதாளர். 1984இல் தினத்தந்தி குழுமத்தினர் தொடங்கிய ராணி காமிக்ஸிலோ அவர் ‘மாயாவி’. ஆனால் முத்து காமிக்ஸில் ‘இரும்புக்கை மாயாவி’ என்றொருவர் முன்னரே இருந்தார். அவர் பிரிட்டிஷ் இதழொன்றில் பிறந்த முற்றிலும் வேறான பாத்திரம். இருவரையும் ஒருவராக எண்ணிய வாசகர் இருப்பின் அவர்களைக் குறைகூற முடியாது. ‘மாயாவி’ என்னும் சொல் மறைந்து தோன்றும் ஆற்றலைக் குறிக்கும். தலைமுறைகளை அது குறிக்காது. வேதாளர் என்னும் பெயரில் ஒட்டியிருந்த இறப்பின் நிழல் மாயாவியில் இல்லை. மூலத்தில் தொலைந்ததை மொழிபெயர்ப்புப் பெயரும் தொலைத்தது என்றே கொள்ள வேண்டியுள்ளது.

தடம் மீட்கும் முயற்சிகள் பிற நாடுகளில் நிகழ்ந்தன. சுவீடனில் 1950 முதல் வெளிவரும் ‘ஃபாண்டோமன்’ இதழ், 1963 முதல் தனக்கெனப் புதுக்கதைகளை எழுதுவித்தது. அவ்வெழுத்தாளர்கள் 21ஆமவரை விட்டு முன்னோர்களிடம் திரும்பினர்; பழைய நூற்றாண்டுகளின் கடலும் போரும் கதைக்களங்களாயின. மறைந்தோர் மறைய முடியும் என்பதால் அக்கதைகளில் ஆபத்து ஆபத்தாகவே இருந்தது. தொலைக்காட்சியோ எதிர்காலத்திற்குத் தாவியது: 1986ஆம் ஆண்டின் அசைபடத் தொடரில் 27ஆம் வேதாளரும், 1994இல் வந்த ‘ஃபேண்டம் 2040’இல் 24ஆமவரும் நாயகராயினர். முன்னும் பின்னும் காலம் ஓடியது. நாளிதழில் மட்டும் அது நின்றது.

ஃபாக்கிற்குப் பின் கதைப் பொறுப்பேற்ற டோனி டி பால் அந்நிற்றலையே கதைப்பொருளாக்கினார் என்பது பாராட்டுக்குரியது. இரட்டையர் மெல்ல வளர்ந்தனர். கிட் இமயமலைப் பகுதிக்குக் கல்விக்காக அனுப்பப்பட்டான். 2021இல் தொடங்கிப் பன்மாதங்கள் நீண்ட கதையில், முதியவர் மோஸ் ஒரு தீர்க்கதரிசனம் உரைக்கிறார்: கிரேவ்லைன்ஸ் சிறைக்குச் சென்று ஒரு பெண்ணை மீட்டால் வேதாளர் மாள்வார், மரபும் சிதையும். 21ஆமவரின் இறப்பு இவ்வளவு விரிவாகச் சித்திரிக்கப்பட்டது புதுமையே. எனினும் அது முன்னறிவிப்பின் எல்லைக்குள்ளேயே நின்றது. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றபோது அதன் வாசகர் அறிந்திருந்த அதே மாயாவிதான் இன்றும் நாளிதழில் குதிரையேறி வருகிறார். 22ஆமவனுக்கான உடை மண்டையோட்டுக் குகையில் இன்னும் காத்திருக்கிறது.