இலக்கைச் சொல்ல ஒரு நிமிடம்

2021இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, பதுளை மாவட்டத்தின் லுணுகலையில் மலையுச்சி மரக்குடிலில் ஏறியே பிள்ளைகள் இணையவழிப் பாடம் கற்றனர். வீட்டில் கற்கும் பிள்ளை தன் இலக்கை இணையக் கருவிகளால் காணொளியாக்கலாம் என்போர் இதை மறக்கலாகாது. அலைவரிசை எட்டாத லயன்களில் கையடக்கத் தொலைபேசியில் ஒரு நிமிடம் பதிந்து, புளூடூத் வழியே ஆசிரியரிடம் சேர்த்தாலே போதும். முகம் காட்ட விரும்பாத பெண்பிள்ளை, தான் வரைந்த படங்களுக்குக் குரல் கொடுக்கலாம். தமிழ், முஸ்லிம் பெற்றோர் பலரின் தயக்கம் அதனால் நீங்கும்.

"வைத்தியராவேன்" என்பதுடன் காணொளி முடிந்தால் பயனில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு எங்குண்டு, அங்கு செல்வது எவ்வாறு என்பதையும் பிள்ளை தேடிக் கூற வேண்டும். தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் அப்பிரிவே இல்லை. எனவே, இக்காணொளிகளை ஊவா மாகாணக் கல்வி அதிகாரிகளும் பார்க்க வேண்டும் என்கிறோம்.