மடியில் முடிந்த சீனி

சீனி வியாதி என்று தெரிந்ததும் எமது தோட்டங்களில் முதலில் நடப்பது, வீட்டிலுள்ள சீனிப் போத்தலை ஒளித்து வைப்பதுதான். உள்ளங்கையில் சீனி வைத்து நக்கியபடி பிளேன்டீ குடிக்கும் பழக்கத்தை விடச் சொல்கிறார்கள், அது சரியே. ஆனால் இரத்தத்தில் சீனி கூடுவது மாத்திரமல்ல, குறைவதும் ஆபத்து என்பதை ஆறுதலாக உட்கார்ந்து விளக்குவோர் குறைவு. கூடிய சீனி ஆண்டுக்கணக்கில் உடலை அரிக்கிறது. குறைந்த சீனியோ சிறிது நேரத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும்.

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து மலைகளில் கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணின் காலைப்பொழுதை எண்ணிப் பார்ப்போம். ரொட்டி சுட்டு, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, தான் அரை ரொட்டியோடு பெரட்டுக்கு ஓடுகிறாள். மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொள்கிறாள். கூடையோடு ஏற்றத்தில் ஏறி இறங்குகிறாள். கிலோ சேராவிட்டால் அரைப்பேர்தான் என்ற பயத்தில் சாப்பாட்டையும் தள்ளிப்போடுகிறாள். மாத்திரையும் சீனியைக் குறைக்கிறது, உழைப்பும் சீனியை எரிக்கிறது, வயிறோ வெறுமை.

கிளிபென்கிளமைட், கிளிக்லசைட், டோல்பியூட்டமைட் போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரைகள். சாப்பிட்டோமா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. இன்சுலின் ஊசியும் அப்படியே. மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. ஆகவே 'வெள்ளைக் குளிசை', 'பெரிய குளிசை' என்று அடையாளம் சொல்வதோடு நில்லாமல், தமது மாத்திரையின் பெயரைக் கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. முதியோருக்கும் சிறுநீரகம் பழுதானோருக்கும் மாத்திரை உடலில் நெடுநேரம் தங்குவதால் ஆபத்து அதிகம்.

திடீர்ப் பசி, கைநடுக்கம், மலைக் குளிரிலும் வியர்வை, நெஞ்சுப் படபடப்பு: இவையே முதல் அறிகுறிகள். பின்னர் பேச்சுக் குழறும், காரணமின்றிக் கோபம் வரும், சொல்வது விளங்காது. இந்தக் கட்டத்தில் ஆணென்றால் "குடித்திருக்கிறான்" என்றும், பெண்ணென்றால் "ஏதோ பிடித்திருக்கிறது" என்றும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். கோடாங்கியைத் தேடி ஓடும் நேரத்தில் மூளை சீனியின்றித் தவிக்கிறது. உண்மையிலேயே குடித்தவரையும் அப்படியே விட்டுவிடலாகாது. வெறும் வயிற்றில் குடிக்கும்போது, ஈரல் புதிதாகச் சீனி உண்டாக்குவதை மது தடுக்கிறது. சாராய வாடை அடிக்கிறது என்பதற்காகச் சீனி குறையவில்லை என்று எண்ணக் கூடாது.

இது புதிதாகக் கண்டறிந்த சங்கதியல்ல. டொரொன்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் 1921இல் இன்சுலினைக் கண்டறிந்த காலத்திலேயே, அவர்களோடு உழைத்த கொலிப், ஊசி போட்ட முயல்கள் வலிப்பு வந்து விழுவதையும், குளுக்கோஸ் கொடுத்ததும் தேறுவதையும் பார்த்திருந்தார்.

தலைசுற்றலெல்லாம் சீனிக் குறைவல்ல. இரத்தசோகையாகவும் இருக்கலாம். விரலில் குத்திப் பார்க்கும் சிறு கருவி இருந்தால் சந்தேகம் தீரும். கைகளைக் கழுவித் துடைக்கவேண்டும். விரலில் ஒட்டிய சீனி பொய்க் கணக்குக் காட்டும். கொழுந்தெடுத்துக் காய்த்துப்போன விரல் நுனியை விட, விரலின் பக்கவாட்டில் குத்துவது இலகு. குளிரில் விறைத்த கையைத் தேய்த்துச் சூடாக்கினால் இரத்தம் வரும். 70 மில்லிகிராமுக்குக் கீழென்றால் குறைவு; 54க்குக் கீழென்றால் கடுமை. கருவி இல்லையா? அறிகுறி கண்டதும் சீனியைக் கொடுத்துவிடவேண்டியதுதான். சந்தேகத்தில் கொடுத்த மூன்று கரண்டி சீனியால் பெரிய கேடு வராது.

ஏறக்குறைய 15 கிராம் சீனி, அதாவது நிறையப் போட்ட மூன்று தேக்கரண்டி, தண்ணீரிலோ ஆறிய பிளேன்டீயிலோ கரைத்துக் குடிக்கவேண்டும். பதினைந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொரு முறை. ரொட்டியும் சொக்லட்டும் இதற்கு உதவா; அவை மெதுவாகவே சேரும். தேறியபின்தான் சாப்பாடு. நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வைத்தியசாலைக்குக் கொண்டு போகவேண்டும்.

மலைக்குப் போகும்போது சிறு பையில் சீனி முடிந்து மடியில் வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்து நிரையில் நிற்பவருக்கும் விடயம் தெரிந்திருக்கவேண்டும். தவக்காலமோ மாரியம்மன் திருவிழாவோ, விரதம் இருக்குமுன் வைத்தியரைக் கேட்கவேண்டும். நோயாளிக்கு உண்ணாநோன்புக் கடமை இல்லை என்பதே திருச்சபையின் நிலையும்.

தோட்ட நிர்வாகங்களிடம் நாம் கேட்பது பெரிதல்ல. மாத்திரை எடுப்பவர் பத்து மணிக்கு ஒரு வாய் சாப்பிடுவதைக் கங்காணி தடுக்கக் கூடாது. அந்தப் பத்து நிமிடத்துக்காகப் பேர் வெட்டக் கூடாது. தோட்ட டிஸ்பென்சரியில் ஒரு கருவியும், அதற்குரிய பட்டிகளும் தீராமல் இருக்கவேண்டும்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் 'சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிந்தது. ஆயினும் மேல் லயத்துக்கு வண்டி ஏறாத தோட்டங்கள் உண்டு. எந்த முடக்கு வரை வண்டி வரும், அதுவரை யார் தூக்கி வருவது என்பதை லயத்தார் முன்கூட்டியே பேசி வைக்கட்டும். மாத்திரை அட்டையும் நோயாளியோடு போகவேண்டும். வழியில் கண் விழித்தாலும் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. அந்த மாத்திரைகளின் வேகம் தணிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம், இரவில் சீனி மறுபடி இறங்கும்.